சிட்டம்மாவின் கறுத்த காசு

செங்கரடு பஸ் ஸ்டாண்டின் கட்டணக் கழிப்பிட வாசலில் ஒரு மேஜை கிடந்தது, மேஜை மேல் ஒரு எவர்சில்வர் தட்டு இருந்தது, தட்டுக்குப் பின்னால் இருபத்தாறு வருஷமாக சிட்டம்மா உட்கார்ந்திருந்தாள், இந்த இருபத்தாறு வருஷத்தில் அவள் மூஞ்சியை நிமிர்ந்து பார்த்தவர்கள் யார் யார் என்று யோசித்தால் ஒரு கை விரலே மிச்சமாகும். குத்தம் சொல்ல முடியாது. உள்ளே போகிறவனுக்கு அவசரம், வெளியே வருகிறவனுக்கு வெட்கம், இதில் எவன் மூஞ்சியைப் பார்ப்பான்? கையை நீட்டுவார்கள், தட்டில் காசு விழும், போய்விடுவார்கள்.

மூஞ்சியைப் பார்க்காத இடத்தில்தான் ஊர் தன் கெட்ட காசையெல்லாம் தள்ளிவிடும். நடுவில் ஓட்டை விழுந்த காசு, சிங்கம் தேய்ந்து வழவழவென்று போன காசு, அச்சு தள்ளி விழுந்து ஒரு ஓரம் பிறை மாதிரி வெறுமையாக இருக்கிற காசு, தாரில் கிடந்து தாரோடு வந்த காசு, பஞ்சு மில் தீயில் வெந்த காசு என்று கண்டக்டரும் வாங்காத, மளிகைக் கடையிலும் வாங்காத எல்லாவற்றையும் ஒன்று சாமி உண்டியலில் போடுவார்கள், இல்லாவிட்டால் சிட்டம்மா தட்டில் போடுவார்கள். சாமியும் பேசாது, சிட்டம்மாவும் பேசமாட்டாள். அவளுக்கு அதை இன்னொருத்தர் தலையில் கட்டவும் மனசு வராது, தூக்கிப் போடவும் மனசு வராது, ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டு வைத்தாள், டப்பா நிறைந்தபோது இன்னொரு டப்பா வாங்கினாள்.

முதல் டப்பாவின் அடியில் கிடந்தது ஒரு கறுத்த ரூபாய். அது அவள் மகள் பாண்டீஸ்வரி ஐந்து வயதில் விழுங்கிய காசு. கழிப்பிடத்துக்குப் பக்கத்திலேயே எடை பார்க்கிற மிஷின் ஒன்று நின்றது, கலர் பல்பு, சுற்றுகிற சக்கரம், காசு போட்டால் ஒரு பக்கம் எடையும் மறுபக்கம் ஜோசியமும் அச்சடித்த அட்டை வரும், அந்த வகை. எடை பார்த்துக்கொள் என்று கொடுத்த ரூபாயைப் பிள்ளை மிஷின் வாயில் போடாமல் தன் வாயில் போட்டுக்கொண்டது. ஆஸ்பத்திரியில் எடை போட்டார்கள், பதினேழு கிலோ, வாழைப்பழம் கொடுங்க, தானா வரும் என்று அனுப்பினார்கள், மூன்று நாள் சிட்டம்மா வேறு வேலை பார்க்கவில்லை, மூன்றாம் நாள் காசு வந்தது, கறுத்து வந்தது. கழுவி எடுத்துப்போனால் எந்தக் கடையிலும் வாங்கவில்லை. அப்படி ஆரம்பித்தது இந்தச் சேகரிப்பு. இதில் பெருமை சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

பாண்டீஸ்வரி வளர்ந்தாள், பள்ளிக்கூடத்தில் கக்கூஸ்காரி மகள் என்று கூப்பிட்டார்கள், அவள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எரிந்து விழுந்தாள். பத்தொன்பது வயதில் ஒரு நாள், "ஒன் கை பட்ட சோத்தைத் திங்கவே எனக்குப் பிடிக்கல" என்று அவள் சொல்ல, "அப்படின்னா இனி என் மூஞ்சியில முழிக்காத" என்று இவள் சொல்ல, அதுவரை அம்மா சொன்ன எந்தச் சொல்லையும் கேட்காத பிள்ளை, இந்த ஒரு சொல்லை மட்டும் அப்படியே கேட்டுக்கொண்டாள். திருப்பூரில் பனியன் கம்பெனி வேனில் ஏறியதைப் பார்த்ததாக ஒரு டிரைவர் சொன்னார். அதோடு பதினோரு வருஷம். திருப்பூர் பஸ் தினமும் ஆறு தடவை அவள் மேஜைக்கு எதிரில் வந்து திரும்பிப் போகும், சிட்டம்மா ஒருநாளும் ஏறவில்லை. போய் எந்தக் கதவைத் தட்டுவது, தட்டினால் திறப்பாளா என்பதுதான் அவள் பயம்.

எடை மிஷின் அதற்குள் செத்துப்போயிருந்தது. ஒயரை எலி தின்றுவிட்டது. ஒரு வைகாசி மாசம் பழைய இரும்பு வியாபாரி அபுதாகீர் அதை எடுத்துப்போக வந்தார். ஆள் நூறு கிலோவுக்குக் குறையமாட்டார். மேலே ஏறி நின்று மண்டையில் இருந்த திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே நின்ற சாமான் போகிறதே என்று சிட்டம்மாவுக்கு என்னமோ போல் இருந்தது, டப்பாவிலிருந்து ஒரு பிறைக் காசை எடுத்து அதன் வாயில் போட்டாள்.

ஒயர் இல்லாத மிஷினில் பல்பு எரிந்தது, சக்கரம் சுற்றியது, அட்டை வந்து விழுந்தது. ஏன், எப்படி என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டு நிற்கட்டும், கதை நிற்காது.

அபுதாகீர் அட்டையைப் பார்த்துச் சிரித்தார். "முப்பத்தொரு கிலோவாம்யா நானு! எங்க வீட்டு ஆட்டுக்கெடாவே முப்பத்தஞ்சு இருக்கும்."

சிரித்தவர் பாதியில் நிறுத்தினார். படுத்த படுக்கையாகக் கிடக்கிற அவர் அம்மாவை முந்தின வாரம்தான் ஆஸ்பத்திரியில் எடை போட்டிருந்தார்கள், முப்பத்தொன்று. போனைப் போட்டார்.

"ஏம்மா, என்ன பண்ற?"

"இப்பத்தான்டா ஒன்னைய நெனச்சேன், நீ கூப்பிடுற. சாப்ட்டியா?"

திருகாணியைத் திரும்ப முடுக்கிவிட்டு, மிஷினைத் துண்டால் ஒரு துடை துடைத்துவிட்டு அபுதாகீர் போய்விட்டார்.

நாலே நாளில் ஊருக்கு விஷயம் பிடிபட்டது. ஏறி நிற்கிறவனின் எடையை அந்த மிஷின் காட்டாது, அந்த நேரத்தில் அவனை யார் நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ அவர்களுடைய எடையைக் காட்டும். ரெண்டு பேர் நினைத்தால் யார் அதிகம் நினைக்கிறார்களோ அவர்களுடையது என்று எதிர்க்கடை டீ மாஸ்டர் சூசை தீர்ப்புச் சொன்னார், ஊர் ஒத்துக்கொண்டது. யாருமே நினைக்கவில்லை என்றால் எடை இருக்கிற இடம் வெறுமையாக வரும், ஜோசியம் மட்டும் இருக்கும். அந்த ஜோசியம் எல்லாருக்கும் ஒன்றுதான், 'உங்களைக் கண்டாலே பிறர் மகிழ்வர்.'

ஊர் இதற்காக வாயைப் பிளந்து நிற்கவில்லை, ஊருக்கு நேரம் ஏது, மழை பெய்தால் குடை எடுக்கிற மாதிரி எடுத்துக்கொண்டது. 'எடை பார்க்கிறவங்க மதுரை பஸ்ஸை மறிக்காம தள்ளி நில்லுங்க' என்று டைம் கீப்பர் மைக்கில் சொல்லத் தொடங்கினார். ரேஷன் கடைத் தராசில் சீனிக்கு முன்னால் மனுசர்கள் ஏறி நின்றார்கள், வீட்டுக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் எல்லாருடைய எடையும் எழுதப்பட்டது, பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தோடு எடையையும் கேட்டார்கள், காதலிக்கிற பெண்கள் பையன்களிடம் தங்கள் எடையைச் சொல்வது கையைக் கொடுப்பதற்குச் சமமாகிவிட்டது, சொன்ன பிறகு அந்தப் பெண்கள் கூடவும் குறையவும் விடாமல் அளந்து சாப்பிட்டார்கள். கவுன்சிலருக்கு நூற்றிநாலு கிலோ வந்தது, ஊரில் நூற்றிநாலு கிலோ ஆள் ஒரே ஒருத்தர்தான், அவர் எதிர்க்கட்சி, ரெண்டு நாள் கவுன்சிலர் வீட்டை விட்டே வெளியே வரவில்லை. ஜவுளிக்கடை தனுஷ்கோடிக்கு நாற்பத்தெட்டு வந்தது, அவர் மனைவி கனகவல்லி எழுபத்துநாலு, அந்த நாற்பத்தெட்டு யார் என்று கடைத்தெரு முழுக்க நோட்டம் விட்டார்கள், ஒல்லியான பெண்கள் எல்லாம் ஒரு மாசம் துணி எடுக்க வெளியூர் போனார்கள்.

வெறும் அட்டை வாங்கியவர்களைப் பார்த்து மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் அட்டையை ரெண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்பார்கள், சூசை ஒரு டீயைப் போட்டு நீட்டுவார், காசு வாங்கமாட்டார்.

ஆனால் மிஷினுக்கு நல்ல காசு பிடிக்கவில்லை. போட்டால் துப்பிவிடும். யாரும் வாங்காத காசைத்தான் விழுங்கும், விழுங்கினால் திருப்பித் தராது. உடனே ஊர் செய்த வேலையைக் கேளுங்கள். கெட்ட காசு வேண்டும், அவ்வளவுதானே என்று நல்ல காசைச் சுத்தியலால் அடித்தார்கள், ஆணி வைத்து ஓட்டை போட்டார்கள், தண்டவாளத்தில் வரிசையாக அடுக்கிவிட்டு ரயிலுக்குக் காத்திருந்தார்கள், கேங்மேன் வந்து கெட்ட வார்த்தையில் திட்டினார். அத்தனையையும் மிஷின் துப்பியது. வேண்டுமென்றே கெடுத்த காசு அதற்கு ஆகாது, தானாகப் பாடுபட்டுக் கெட்டிருக்க வேண்டும், கெட்டு நாலு பேரிடம் வேண்டாம் என்று பேர் வாங்கியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் எங்கே தள்ளிவிட்டோம் என்று யோசித்தார்கள். கோயில் உண்டியல் மாசி மாசம்தான் திறக்கும். மிச்சம் இருந்தது சிட்டம்மா.

சிட்டம்மா கொடுத்தாள். ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய், அவ்வளவுதான். இருபது கேள், ஐம்பது கேள் என்று கழிப்பிடக் குத்தகைக்காரர் சொன்னார், அவள் கேட்கவில்லை. இப்போதாவது நாலு பேர் தன்னிடம் பேசுவார்கள் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது, பொய் சொல்வானேன். யாரும் பேசவில்லை. முன்பு கையை நீட்டிக் காசு போட்டார்கள், இப்போது கையை நீட்டிக் காசு வாங்கினார்கள், கண் மட்டும் அப்போதும் வேறு எங்கேயோ இருந்தது.

தினமும் காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால் அவளும் ஒரு காசு போட்டு ஏறி நின்றாள். வெறும் அட்டை. மறுநாளும் வெறும் அட்டை. திருப்பூரில் இப்போது ஷிஃப்ட்டுக்குப் போயிருப்பாள், சாயங்காலம் நினைப்பாளாக இருக்கும் என்று சாயங்காலம் ஏறினாள், தீபாவளிக்கு ஏறினாள், பாண்டீஸ்வரி பிறந்த நாளுக்குக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று, பொழுது சாய ஒன்று என்று மூன்று காசு செலவழித்தாள். 'உங்களைக் கண்டாலே பிறர் மகிழ்வர்' என்று மேஜை டிராயர் நிறைய அட்டை சேர்ந்துவிட்டது.

ஒரு நாள் மட்டும் அட்டையில் எடை வந்தது. எழுபத்தொன்று. சிட்டம்மா அதை இன்னொரு தரம் வாசித்தாள். பாண்டீஸ்வரி நோஞ்சான், இருந்தாலும் பதினோரு வருஷத்தில் உடம்பு போட்டிருக்கக்கூடாதா, எழுபத்தொன்று ஆகியிருக்கக்கூடாதா, நல்லா சாப்பிடுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே திரும்பினால், எதிர்க்கடையில் டீயை ஆற்றாமல் இவளையே பார்த்துக்கொண்டு சூசை நிற்கிறார். சூசை எழுபத்தொன்று என்பது ஊருக்கே தெரியும்.

நேராகக் கடைக்குப் போனாள். "நீயா நெனச்ச?"

"ஆமாக்கா."

"எதுக்குப்பா நெனச்ச?"

"தெனமும் ஏறி ஏறி எறங்குற. பார்க்கப் பாவமா இருந்துச்சு."

"ஒன் பாவத்தை வச்சு நான் என்ன பண்றது? ஒரு காசு போச்சு. போனாப் போகுது, அரை நிமிசம் நான் என்னென்னமோ நெனச்சுட்டேன் சூசை."

சூசை டம்ளரைக் கழுவினார், கழுவின டம்ளரையே திரும்பக் கழுவினார். "இனிமே நெனைக்கல."

"நெனைக்காத."

"நெனைக்கக் கூடாதுன்னு நெனச்சா அதுவும் ஒன்னைய நெனைக்கிற மாதிரி ஆகாதாக்கா?"

"அப்ப கடைப் பாலை நெனை. தீய விட்டுறாத."

அது நடந்து ரெண்டு மாசத்தில் ஒரு டப்பா காலி, அடுத்த மாசம் இரண்டாவது டப்பாவும் காலி, கடைசியில் முதல் டப்பாவின் அடியில் அந்தக் கறுத்த ரூபாய் மட்டும் கிடந்தது. புதிதாகக் கெட்ட காசு ஒன்றும் அவள் தட்டில் விழவில்லை, கெட்ட காசின் மதிப்பு தெரிந்த பிறகு எவன் போடுவான், கிடைத்ததை அவரவரே மிஷினில் போட்டுத் தீர்த்தார்கள். கறுத்த காசை அவள் சேலை முந்தானையில் முடிந்துகொண்டாள். இதையும் போட்டு வெறும் அட்டை வந்துவிட்டால் அப்புறம் எதிர்பார்க்க ஒன்றும் இல்லை. போடாமல் வைத்திருந்தால் தெரியாமலே இருக்கலாம். தெரியாமல் இருப்பதில் ஒரு சௌகரியம் இருந்தது, அவளும் ஒரு வாரம் அந்தச் சௌகரியத்தில்தான் ஓட்டினாள்.

அப்போதுதான் ஜவுளிக்கடை கனகவல்லி வந்தாள். நல்ல மதியம், வெயில் தாருக்கு மேலே நெளிந்துகொண்டிருந்தது. வந்தவள் கையை நீட்டவில்லை, மேஜைக்கு முன்னால் குனிந்து சிட்டம்மாவின் மூஞ்சியைப் பார்த்தாள்.

"உன்கிட்ட ஒரு காசு இருக்காம்ல."

"அது குடுக்குற காசு இல்ல தாயி. எம் மக வயித்துல கெடந்து வந்தது."

கனகவல்லி காதிலிருந்த தோடு ரெண்டையும் கழற்றி மேஜையில் வைத்தாள். "ஊரெல்லாம் நாப்பத்தெட்டு யாருன்னு தேடுறாய்ங்க. எனக்கு அது வேணாம். எங்க வீட்டுக்காரர் எம்பத்தொன்னு. எனக்கு எம்பத்தொன்னு வருதா, அது மட்டும் தெரியணும்."

"வெறும் அட்டை வந்துருச்சுன்னா என்ன செய்வீக?"

"நீ என்ன செய்ற?"

சிட்டம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள். "நான் உக்காந்திருக்கேன்."

கனகவல்லிக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே கண் கலங்கியது, தோட்டை எடுத்து ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு இன்னொன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெயிலில் நடந்து போனாள். இத்தனை வருஷத்தில் மூஞ்சியைப் பார்த்து ஒருத்தி கேட்டிருக்கிறாள், இன்னொருத்தி இப்படிப் பார்த்துக் கேட்டால் காசைக் கொடுத்துவிடுவோம் என்று சிட்டம்மாவுக்குத் தெரிந்துபோனது. நாளைக்கே போட்டுவிட வேண்டும். அதுவும் யாருக்கும் சொல்லாமல் போட வேண்டும், சொன்னால் ஊர் நினைக்கும், சொல்லாவிட்டால் நினைக்காது, அந்த விஷயத்தில் ஊரை அவள் முழுசாக நம்பினாள்.

மறுநாள் மதியம் ஒன்றரை மணிக்கு மதுரை பஸ்ஸில் சண்டை வந்தது. ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடித்தவனுக்கும் துண்டை எடுத்துப்போட்டுவிட்டு உட்கார்ந்தவனுக்கும் சண்டை, பஸ் ஸ்டாண்டே அங்கே கூடிவிட்டது, சூசை கரண்டியோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், டைம் கீப்பர் மைக்கிலேயே ஒரு பக்கத்துக்கு நியாயம் பேசினார். சிட்டம்மா எழுந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஏறி நின்று கறுத்த காசை மிஷின் வாயில் போட்டாள்.

மிஷின் அதை உடனே விழுங்கவில்லை, உள்ளே எங்கேயோ உருட்டிக்கொண்டே இருந்தது. அப்புறம் பல்பு எரிந்தது, சக்கரம் சுற்றியது, அட்டை விழுந்தது.

பதினேழு.

முதலில் மிஷின் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள், ஏதாவது பிள்ளை நின்று தன்னைப் பார்க்கிறதா என்று. பஸ் ஸ்டாண்டில் இருந்தது ஒரே ஒரு பிள்ளை, அது இடுப்புப் பிள்ளை, வெள்ளரிப் பிஞ்சைக் கடித்துக்கொண்டு அம்மா தோளில் தூங்கப் போனது, பத்து கிலோ தேறாது. பாண்டீஸ்வரி காசு விழுங்கிய அன்று பதினேழு கிலோ. ஆனால் அந்தப் பதினேழு கிலோப் பாண்டீஸ்வரி இப்போது உலகத்தில் எங்கேயும் கிடையாது, அவளுக்கு முப்பது வயது ஆகிவிட்டது. அப்படியென்றால் இது வேறு பதினேழு கிலோ. ஐந்து வயசு, மிஞ்சினால் ஆறு. பார்த்தே இராத ஒருத்தியை ஒரு பிள்ளை உட்கார்ந்து நினைக்கிறது என்றால் அதற்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். நான் சின்னப்பிள்ளையில் காசை முழுங்கினேன், உன் அம்மாச்சி மூன்று நாள் தூங்கவே இல்லை என்று சோறு ஊட்டும்போது யாரோ சொல்லியிருக்க வேண்டும். சொன்னவள் இவளை அப்போது நினைத்திருக்கமாட்டாளா என்ன? ஆனால் பிள்ளை அதிகம் நினைத்துவிட்டது. சூசை சொன்ன தீர்ப்பு சரிதான்.

மிஷினில் பல்பு ஒவ்வொன்றாக அணைந்தது, அப்புறம் அது எரியவே இல்லை.

சிட்டம்மா அட்டையை ஜாக்கெட்டுக்குள் வைத்தாள், இரண்டு மணித் திருப்பூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள், கண்டக்டர் வந்ததும் மடியில் இருந்த சில்லறையை எடுத்து எண்ணி எண்ணிக் கொடுத்தாள், அத்தனையும் நல்ல காசு.

"ஏம்மா, உண்டியலை ஒடச்சிட்டு வந்தியா?"

"எம் பேரப்பிள்ளையப் பார்க்கப் போறேன்."

"ஆம்பளைப் பிள்ளையா, பொம்பளைப் பிள்ளையா?"

"தெரியாது."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எந்த ஏரியாம்மா?"

அதுவும் தெரியாது. எந்தத் தெரு, எந்த வீடு, கதவு திறக்குமா, திறந்தவள் மூஞ்சியைச் சுளிப்பாளா, எதுவும் தெரியாது. எடை மட்டும் தெரியும். ஊர் முழுக்க இருக்கிற பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாவது கண்டுபிடித்துவிடலாம் என்று அவளுக்கு இருந்தது, கையை மடியில் விரித்து அந்தப் பாரம் எவ்வளவு இருக்கும் என்று ஒரு தரம் ஏந்திப் பார்த்துக்கொண்டாள்.

இங்கே செங்கரட்டில் அவள் போனது யாருக்கும் தெரியாது. வந்தவர்கள் வழக்கம்போல வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு தட்டில் காசைப் போட்டார்கள், தட்டு நிறைந்து மேஜையில் வழிந்தது, மேஜை நிறைந்து தரையில் உருண்டது. சூசை, பாவம், சொன்ன சொல்லைக் காப்பாற்றி அந்தப் பக்கமே திரும்பாமல் பாலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில் ஒருத்தன் மிச்சம் கேட்பதற்காகத் தலையை நிமிர்த்தினான். நாற்காலி காலியாக இருந்தது.

"எங்கப்பா அந்தம்மா?"

கூட்டம் கூடியது. போலீசில் சொல்லலாம் என்றார்கள். ஆள் எப்படி இருக்கும், மூக்குத்தி உண்டா, எந்தப் பக்கம், நெற்றியில் தழும்பு ஏதாவது உண்டா என்று ஏட்டு கேட்டார். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சூசை அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார், கனகவல்லி சேதி கேட்டு ஓடிவந்து வலது மூக்கு என்றாள், கவுன்சிலர் வந்தார், நூற்றிநாலு கிலோவும் வந்தார், டைம் கீப்பர் மைக்கை விட்டுவிட்டு வந்தார், அத்தனை பேரும் அந்த வெறும் நாற்காலியைச் சுற்றி நின்று, அவள் மூஞ்சி எப்படி இருந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தார்கள், பஸ்ஸெல்லாம் கிளம்பாமல் நின்றது.

அன்றைக்கு அவளுக்கு என்ன எடை வந்திருக்கும் என்று சொல்ல மிஷினுக்கும் உயிர் இல்லை, யாரிடமும் ஒரு கெட்ட காசும் இல்லை, ஏறி நிற்க அவளும் அங்கே இல்லை.